வருத்தம் பார்க்க வந்த அப்பிள்கள்

‘ஒன்பதாம் நாள், செவ்வாய். அப்பிள் 43. சிவப்பு 31, பச்சை 12. அடிபட்டது 4 (எல்லாம் சிவப்பு). கிணற்றில் நீர் நேற்றைய அளவு.’

என் குறிப்புப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. அண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த திங்கட்கிழமையை முதலாம் நாளாக வைத்து எண்ணியிருக்கிறேன். வழக்கமாக நான் பக்கத்தை நிரப்புகிறவள். மழை, ஊரில் நடந்த மரணம், கரண்ட் போன நேரம், வாசித்த புத்தகத்தில் பிழையென்று பட்ட ஆண்டு எல்லாம் எழுதுவேன். அந்த மாதம் எண்களைத் தவிர வேறொன்றும் வரவில்லை. மனம் நொந்துபோய் அல்ல. நோவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. பல்லுப் பிடுங்கிவிட்டு வந்து கன்னத்தைத் தொட்டால் வேறு யாரோ ஒருவருடைய கன்னம் போல இருக்குமே, அப்படி.

அண்ணை என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். இருபத்தேழு வருடம் கப்பலில் வேலை செய்து, ஓய்வு பெற்று, மனைவியையும் பறிகொடுத்தபின் வல்வெட்டித்துறையில் எங்கள் பெற்றோரின் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் அந்த வீட்டைவிட்டு எங்கும் போனதில்லை. இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. பாரிசவாதம் வந்து மூன்று கிழமை ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. மிஞ்சிய சொல் ‘ஓம்’ ஒன்றுதான். நோகிறதா என்றாலும் ஓம், நோகவில்லையா என்றாலும் ஓம். விழுங்கவும் முடியவில்லை. மூக்கால் ஒரு ரியூப் விட்டிருந்தார்கள். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை அதன் வழியாகப் பாலோ சூப்போ மெல்ல விட வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் எங்களிடம் விளக்கமாகவே சொன்னார்.

“உந்த ரியூப்பைக் கனநாளைக்கு வைச்சிருக்கேலாது, அம்மா. மூண்டாவது வியாழன் கிளினிக்குக்குக் கொண்டு வாங்கோ. விழுங்குறாரோ எண்டு பாப்பம். விழுங்கேல்லையெண்டால் வயித்திலை சின்னத் துளை போட்டு அதுக்குள்ளாலை சாப்பாடு குடுக்கிறதுதான்.”

ஒரு கடுதாசியில் வயிற்றைக் கீறி, துளை வரும் இடத்தில் வட்டம் போட்டு அண்ணையிடம் காட்டினார். “ஐயா, விளங்குதோ? சம்மதமோ?”

“ஓம்” என்றார் அண்ணை. டொக்டர் எழுதிக்கொண்டார். ஆனால் அண்ணையின் இடது உள்ளங்கை வயிற்றின் மேல் விரிந்து படுத்திருந்தது. ஓட்டோவில் வீட்டுக்கு வரும்வரை அவர் அதை எடுக்கவில்லை. நான் அதைக் கண்டேன். டொக்டரிடம் சொல்லவில்லை.

ஆக, பதினெட்டாம் நாள் வியாழக்கிழமை அவர் விழுங்க வேண்டும். அதுவரை வாயில் ஒரு துளி தண்ணீரும் வைக்கக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் விழுங்கப் பயிற்சி கொடுக்கும் பிள்ளை கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

இந்த நிலையில்தான் அப்பிள்கள் வந்தன.

எங்கள் பக்கத்தில் வருத்தக்காரரை, அதாவது நோயாளியை, பார்க்க யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். முன்பெல்லாம் பிஸ்கற் பெட்டி, பால்மா ரின். இப்போது அப்பிள்தான். ஒவ்வொன்றும் வெள்ளை வலைச் சட்டை போட்டு, சொப்பின் பைக்குள் ஐந்தோ ஆறோ. “வாயாலை ஒண்டும் குடுக்கேலாது” என்று கேற்றடியிலேயே ஒவ்வொருவருக்கும் சொன்னேன். “அதுக்கென்ன, கிடக்கட்டும்” என்று ஒவ்வொருவரும் மேசையில் வைத்தார்கள். திருப்பிக் கொடுக்க ஏலாது. கொடுத்தால், அவருக்குச் சுகம் வருவதை நான் விரும்பவில்லை என்று ஆகிவிடும். வந்தவர்களையும் குறை சொல்ல முடியாது. மூக்கில் ரியூப்போடு கிடக்கும் மனிதருக்கு முன்னால் வெறுங்கையோடு நிற்பது யாருக்கும் கடினம்.

யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள் என்று எழுதி வைத்தேன். அவர்கள் வீட்டில் வருத்தம் என்றால் நாங்கள் போக வேண்டும். அப்பிள்களுக்கும் திகதி போட்டேன். ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த ஸ்ரிக்கரில், வந்த நாளை நீலப் பேனையால் சின்னதாக எழுதினேன். பழையது முதலில் முடிய வேண்டும் என்பது என் எண்ணம். முடிப்பதற்கு வீட்டில் நான் ஒருத்திதான். தினமும் ஒன்று மென்றேன். இனித்ததா புளித்ததா என்று அன்று கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

பத்தாம் நாள் காலை வேலிப் பொட்டு இடைவெளிக்குள்ளால் மச்சாள் வந்தார். என் மாமன் மகள், பக்கத்து வளவு. வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிடக் கெதி.

“உதென்ன, பழக்கடை போட்டிருக்கிறியே?”

“நாப்பத்துமூண்டு, மச்சாள்.”

“எண்ணிப்போட்டாய். எண்ணாட்டி உனக்கு நித்திரை வராது. எண்ணினதை என்ன செய்யிறதெண்டு மட்டும் தெரியாது. எடு கத்தியை.”

அடிபட்ட நான்கையும் முதலில் தன் ஆட்டுக்கு எடுத்து வைத்தார். பச்சை அப்பிள் பன்னிரண்டையும் மாங்காய் மாதிரித் துண்டு போட்டு, பச்சைமிளகாய், கடுகு, தேங்காய்ப்பால் விட்டுக் கறியாக்கினார். கறி நன்றாகவே வந்தது. புளிப்பின் பின்னால் ஒரு தித்திப்பு நின்றதைத் தவிர மாங்காய்க்கறி என்றே சொல்லலாம். அயலில் நான்கு வீட்டுக்குக் கோப்பையில் போனது. சிவப்பில்தான் பிழை விட்டோம். வினாகிரி, கடுகு, செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம் போட்டு அச்சாறு செய்யலாம் என்றார் மச்சாள். பப்பாசிக்காய் போல நிற்கும் என்று நினைத்துக் கொதிக்கும் வினாகிரியில் போட்டோம். கால் மணித்தியாலத்தில் மாவாய்க் கரைந்தது. அதையும் விடாமல் மூன்று போத்தலில் அடைத்தோம். மிச்சத்தைச் சீனியும் கறுவாவும் போட்டு ஜாம் கிண்டினோம்.

நான் தோலைச் சீவிக்கொண்டிருந்தேன். அறுந்துவிடாமல் ஒரே நாடாவாக வரும்படி சீவினேன்.

“வெட்டுறியோ, காணி அளக்கிறியோ?” என்றார் மச்சாள்.

குசினிக்கும் அண்ணையின் அறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். கறுவா வாசம் கிளம்பியதும் கட்டில் கிறீச்சிட்டது. போய்ப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் கிடந்த முகத்தைக் குசினிப் பக்கம் திருப்பியிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவராகத் திரும்பியது அதுதான் முதல்முறை. பின்னாலேயே மச்சாள் வந்து நின்றார். விரல் நுனியில் ஜாம்.

“நாக்கிலை ஒரு துளி தடவினால் என்ன, செத்தே போவார்?”

“பதினெட்டாம் நாள் வரைக்கும் ஒண்டும் வைக்கக் கூடாதெண்டவை.”

“வாசத்துக்குத் திரும்பிப் பாக்கிறார், மனிசன். உனக்குக் கண் தெரியேல்லையே?”

“தெரியுது.”

“நீ ஒரு சட்டப் புத்தகமடி.”

“ஓம்” என்றார் அண்ணை. எங்களில் யாருக்குச் சொன்னார் என்று இருவருக்கும் தெரியவில்லை.

மச்சாள் விரலைத் தானே நக்கிவிட்டு, குசினிக்குப் போய், சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். ஜாம் அடிப்பிடிக்கப் பார்த்தது. நான் அகப்பையை வாங்கிக் கிண்டினேன்.

அச்சாறுக்கும் ஜாமுக்குமாகப் பதினைந்து முடிந்தது. இன்னும் பன்னிரண்டு. அதில் ஆறை மச்சாள் வலைச் சட்டையோடு பைக்குள் போட்டார். பக்கத்து ஊர் தொண்டைமானாற்றில் அவருடைய சம்பந்தி விழுந்து கால் முறிந்து கிடந்தார். வருத்தம் பார்க்கக் கொண்டுவந்ததை வருத்தம் பார்க்கக் கொண்டுபோவதில் குறையில்லை, ஊரில் எல்லோரும் செய்வதுதான். மிச்ச ஆறு என் பங்கு. நாளுக்கு ஒன்றாக மென்று முடித்தேன்.

பதினான்காம் நாள், ஞாயிறு பின்னேரம், அண்ணையோடு ஒன்றாகப் படித்த மாஸ்ரர் வந்தார். படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஆகவே எல்லாருக்கும் மாஸ்ரர். மனைவிக்குக் காய்ச்சலாம், அதனால்தான் பிந்திவிட்டதாம். கையில் சொப்பின் பை.

“நல்ல பழம். இப்பதான் கடையிலை பாத்துத் தெரிஞ்செடுத்தது. ஒண்டும் அடிபடேல்லை” என்று மேசையில் வைத்தார்.

மச்சாள் ஒன்றை எடுத்து வலைச் சட்டையைக் கழற்றினார். ஸ்ரிக்கரைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“மாஸ்ரர், உங்கடை கடைக்காரன் எங்கடை இவளின்ரை கையெழுத்திலையோ திகதி போடுறவன்?”

நான் வாங்கிப் பார்த்தேன். என் எழுத்துத்தான். நீலப் பேனை. ஐந்தாம் நாளுக்குரிய திகதி. மற்ற ஐந்தையும் கழற்றினோம். ஆறும் எங்கள் வீட்டிலிருந்து போனவை.

மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டார். “அது… மனிசிக்குக் காய்ச்சலெண்டு தொண்டைமானாத்திலை இருந்து ஒரு பிள்ளை கொண்டந்தது. மனிசிக்கு அப்பிள் கடிக்கப் பல்லில்லை.”

“அதென்ரை சம்பந்தியின்ரை மகளெல்லே! சம்பந்தி தின்னேல்லை, உங்கடை மனிசி தின்னேல்லை, இவர் தின்னேலாது. உந்த அப்பிள் எங்கடை வடமராச்சியையே சுத்திப் பாத்துப்போட்டு வந்திருக்குது. நாங்களே அவ்வளவு தூரம் போறேல்லை.”

“கடையிலை வாங்கினதெண்டு ஏன் சொன்னனான் எண்டு எனக்கே தெரியேல்லை” என்றார் மாஸ்ரர்.

“படிப்பிச்ச பழக்கம். எதெண்டாலும் தெரிஞ்ச மாதிரியே சொல்லுறது.”

அப்போது கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அண்ணையின் இடது தோள் குலுங்கியது. முகத்தின் இடது பாதி மேலே இழுபட்டது. பிறகு இருமல். முகம் சிவந்து, கண்ணில் நீர் வரும்வரை இருமினார். நான் ஓடிப்போய் முதுகைப் பிடித்து நிமிர்த்தி இருத்தினேன்.

“சிரிக்கிறாரடி! பார், சிரிக்கிறார்!” என்று மச்சாள் கத்தினார்.

“சிரிக்கட்டும்” என்றார் மாஸ்ரர். “என்னைப் பாத்துத்தானே. பள்ளிக்கூடத்திலையும் இவன் இப்பிடித்தான்.”

அன்றைய குறிப்பு: ‘பி.ப. 4.40. இருமல், பலமானது. அதற்கு முன் சிரிப்புப் போன்ற சத்தம்.’ ‘போன்ற’ என்ற சொல்லை வெட்டிவிட்டு, மறுபடி எழுதியிருக்கிறேன்.

பதினெட்டாம் நாள் காலை, மாஸ்ரர் கொண்டுவந்த ஆறில் ஒன்றை எடுத்தேன். கிளினிக்குக்கு ஏதாவது கூழ்ப் பதமாகக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். தோல் சீவி, இடியப்பத் தட்டில் வைத்து அவித்து, சல்லடை வடியில் இரண்டு முறை தேய்த்தேன். கரண்டியைச் சரித்தால் வழியாமல், மெல்ல நகர வேண்டும். சீனி போடவில்லை, கறுவா போடவில்லை.

பயிற்சி கொடுக்கும் பிள்ளை மூடியைத் திறந்து பார்த்து, “பதம் நல்லாயிருக்கம்மா” என்றாள். அண்ணையை நிமிர்த்தி இருத்தி, இரண்டு விரலை அவருடைய தொண்டையில் வைத்துக்கொண்டு, அரைக் கரண்டி ஊட்டினாள்.

“விழுங்குங்கோ, ஐயா.”

ஒன்றும் நடக்கவில்லை. சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினொரு செக்கன். பிறகு அவளுடைய விரலுக்கடியில் தொண்டை எழும்பி இறங்கியது. இரண்டாவது கரண்டி. மூன்றாவது. நான்காவதில் புரைக்கேறியது. ஞாயிற்றுக்கிழமை இருமியது போலவே இருமினார். முடிந்தது, துளைதான் என்று நினைத்தேன். நினைத்ததாக எழுதியிருக்கிறேன். நெஞ்சு அடித்ததா என்று எழுதவில்லை. அடித்திருந்தால் எழுதியிருப்பேன்.

“இருமுறார்தானே, அது நல்லது” என்றாள் அந்தப் பிள்ளை. “பிழையாப் போறது அவருக்குத் தெரியுது. இருமாமல் போனால்தான் நாங்கள் பயப்பிடுறது.”

அவள் போய் டொக்டரோடு கதைத்துவிட்டு வந்தாள். துளைக்கு இரண்டு கிழமை தவணை. முப்பத்திரண்டாம் நாள் வியாழன் மறுபடி பார்ப்பார்கள். அதுவரை ரியூப் இருக்கும். காலையும் பின்னேரமும் ஐந்து கரண்டி, நிமிர்த்தி இருத்தித்தான் கொடுக்க வேண்டும்.

“இதே பதம், இதே பழம், அம்மா. சாமானை மாத்தினீங்களெண்டால், பிழைச்சால் எதாலை பிழைச்சதெண்டு எங்களுக்குத் தெரியாமல் போகும்.”

எனக்கு அது விளங்கியது. நானும் அப்படித்தான் செய்வேன்.

வீட்டில் ஐந்து அப்பிள் இருந்தது. நாளுக்கு ஒன்று. காலையில் பாதி, பின்னேரம் பாதி. இருபத்துமூன்றாம் நாள் பின்னேரத்தோடு முடிந்தது. இருபத்துநான்காம் நாள் காலை பிரிஜ்ஜைத் திறந்தால் மூன்று போத்தல் அச்சாறு, இரண்டு போத்தல் ஜாம். மிளகாயும் கறுவாவும் போட்டவை. அவருக்கு ஆகாது.

இனி யாரும் கொண்டுவரப்போவதும் இல்லை. வர வேண்டியவர்கள் எல்லோரும் ஒருமுறை வந்துவிட்டார்கள். என் புத்தகத்தில் பதினான்காம் நாளுக்குப் பிறகு ஒரு பெயரும் இல்லை.

மச்சாள் வந்து பிரிஜ்ஜுக்குள் எட்டிப் பார்த்தார்.

“கொடுமையைப் பாரன். ஆட்டுக்கெல்லோ அப்பிள் போட்டனாங்கள்.”

“நாலு. அதுவும் அடிபட்டது.”

“ஓமோம், அதையும் எழுதி வை.”

சந்திக் கடையில் அப்பிள் இல்லை. “அப்பிளெண்டால் ஆஸ்பத்திரியடிக்குத்தான் போகவேணும், அக்கா. இஞ்சை ஆர் வாங்கிறது?” என்றார்கள். அண்ணையை மச்சாளிடம் விட்டுவிட்டு பஸ் எடுத்துப் போனேன். அன்று காலைப் பயிற்சி தவறியது. அதைக் குறித்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கேற்றுக்கு எதிரில் அடுக்கடுக்காக அப்பிள், எல்லாம் வலைச் சட்டையோடு.

“எத்தினையாம் வாட், அம்மா?” என்றார் கடைக்காரர்.

“வாட் இல்லை. வீட்டிலை.”

“வீட்டிலையோ?” ஒரு கணம் யோசித்தார். “கெதியிலை சுகம் வரும்.”

எட்டு வாங்கினேன். திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண், முன்பின் தெரியாதவர், பையைப் பார்த்துவிட்டு, “ஆருக்கு ஏலாமல் இருக்கு?” என்று கேட்டார். “அண்ணைக்கு” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு யன்னல் பக்கம் திரும்பினார். பதினெட்டு நிமிடப் பயணம்.

முப்பத்திரண்டாம் நாள் வியாழக்கிழமை அவர் ஒரு கோப்பை முழுவதையும் விழுங்கினார். பதினேழு கரண்டி. இருமவில்லை. பிறகு ஒரு மிடறு தண்ணீர். அதற்கும் இருமவில்லை. டொக்டர் வந்து பார்த்து, துளை தேவையில்லை என்றார். நேர்ஸ் ஒருவர் மூக்கிலிருந்து ரியூப்பை இழுத்தார். நான் நினைத்திருந்ததைவிட நீளம். அண்ணை இடது கையால் மூக்கைத் தடவினார், திரும்பத் திரும்பத் தடவினார். கூட வந்திருந்த மச்சாள் அழுதார். நான் அடுத்த கிளினிக் திகதியைக் கேட்டு எழுதினேன்.

இப்போது அவர் குழைத்த சோறு, பூசணிக்காய், பருப்பு எல்லாம் வாயால் சாப்பிடுகிறார். ஆனால் பயிற்சிக்கு என்று காலையும் பின்னேரமும் அப்பிள் தொடர்கிறது. அளவு தெரிந்த சாமான் அதுதான் என்று அந்தப் பிள்ளை சொன்னாள்.

முப்பத்தைந்தாம் நாள் கனடாவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அண்ணையோடு பதினொரு வருடம் ஒரே கப்பல்களில் வேலை செய்தவர். அப்பிள் கொடுக்கிறேன் என்றதும் சிரித்தார்.

“அவனுக்கோ? கப்பலுக்குப் பெட்டி பெட்டியாய் வரும், தங்கச்சி. ஒருநாளும் தொட மாட்டான். சாமான் அறைக்குள்ளை அழுகின மணம் மூக்கிலை ஏறிப்போட்டுதெண்டு சொல்லுவான். தன்ரை பங்கையும் எனக்குத்தான் தாறவன்.”

மச்சாளிடம் சொன்னேன். “பொய்” என்றார் உடனே. “லீவிலை வரேக்கை சூட்கேசுக்குள்ளை அப்பிள் கொண்டந்து, எங்களோடை இருந்து தானும் தின்னுறவர். நான் என்ரை கண்ணாலை கண்டனான்.”

பழைய குறிப்புப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். அவர் லீவில் வந்த நாட்கள் எல்லாம் இருக்கின்றன. என்ன கொண்டுவந்தார் என்பதும் இருக்கிறது. இரண்டு இடங்களில் அப்பிளும் இருக்கிறது. யார் தின்றார்கள் என்பது ஓரிடத்திலும் இல்லை. ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் எனக்கு நேரடி ஞாபகமும் இல்லை.

அவரையே கேட்கலாம். ‘ஓம்’ என்பதற்கு மேல் இப்போது மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: தண்ணி, லைற், போதும். ‘போதும்’ என்பதைச் சோற்றுக்குச் சொல்லியிருக்கிறார், பூசணிக்காய்க்குச் சொல்லியிருக்கிறார், சரியான இடத்தில். அப்பிளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறக்கிறார், விழுங்குகிறார். கரண்டி முடிந்ததும் கண்ணைத் திறக்கிறார்.

இன்று நாற்பத்தோராம் நாள், சனி. காலை ஐந்து கரண்டி, பின்னேரம் ஐந்து கரண்டி, இருமல் இல்லை. நான் இன்னும் கேட்கவில்லை. அண்ணைக்கு அப்பிள் பிடிக்குமா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.